முட்டியை மாற்றலாம், தொடையை யார் மாற்றுவது?

பெரியம்மாவுக்கு வலது முட்டியில் மூட்டு மாற்று ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்த இரண்டாம் நாள். ஹாலில் கட்டில் போட்டு, ஆபரேஷன் செய்த காலுக்கு அடியில் இலவம்பஞ்சுத் தலையணை ஒன்றைச் சொருகி வைத்திருந்தோம். முட்டி லேசாக மடங்கி அதன்மேல் சுகமாகக் கிடந்தது. பிசியோதெரபிஸ்ட் பெண் வந்தார். செருப்பைக் கழற்றி உள்ளே வந்தவர், யாரிடமும் எதுவும் பேசாமல் முதலில் அந்தத் தலையணையை உருவி எடுத்தார்.

"இதை யாரு வெச்சது?"

மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். வைத்தது நான்தான்.

"இப்படி வெச்சாத்தாம்மா கொஞ்சம் வலிக்காம இருக்கு" என்றார் பெரியம்மா.

"வலிக்காதுதாம்மா. ஆனா இப்படியே படுத்திருந்தா கால் நீளவே நீளாது. அப்புறம் நொண்டித்தான் நடக்கணும்."

ஒரு டர்க்கி டவலைச் சுருட்டி, குதிகாலுக்கு அடியில் வைத்தார். முட்டிக்குக் கீழே எதுவும் இல்லை, அந்தரத்தில் நின்றது. தன் எடையாலேயே முட்டி மெல்லக் கீழே இறங்க, பெரியம்மா பல்லைக் கடித்துக்கொண்டார். பத்து நிமிடம் அப்படியே இருக்கச் சொன்னார். ஒரு நாளைக்கு நான்கைந்து தடவை.

வீட்டில் நாம் அன்பாகச் செய்யும் காரியம் ஒன்று எப்படி ஆபரேஷனையே பாதி வீணாக்கிவிடும் என்பதை அன்றைக்குத்தான் பார்த்தேன். அதற்குப் பிறகு படித்ததும் கேட்டதும்தான் இந்தக் கட்டுரை.

முதலில் ஆபரேஷனில் என்ன நடக்கிறது என்பது. "முட்டியையே மாத்திட்டாங்க" என்று சொல்கிறோமே தவிர, யாரும் முட்டியைக் கழற்றி இன்னொன்றை மாட்டுவதில்லை. தொடை எலும்பின் கீழ் முனையிலும் கால் எலும்பின் மேல் முனையிலும் தேய்ந்துபோன பரப்பை மட்டும், ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் கனத்துக்கு, அளவெடுத்துச் சீவி எடுக்கிறார்கள். மேலே கோபால்ட் குரோமியம் கலந்த உலோகத்தில் ஒரு தொப்பி, கீழே ஓர் உலோகத் தட்டு, இரண்டும் உரசாமல் இருக்க நடுவில் பாலிஎத்திலீன் பிளாஸ்டிக். பல்லுக்குக் கேப் போடுவதைப் போல என்று எலும்பு மருத்துவர்கள் சொல்வது இதனால்தான். அந்த மூட்டை அசைக்கும் தசை, தசைநார், நரம்பு எல்லாம் பழையவைதான். அவற்றில் எதையும் யாரும் மாற்றுவதில்லை.

இன்று நாம் பார்க்கும் வடிவத்தில் இந்தச் செயற்கை முட்டி 1970களில், நியூயார்க்கில் உள்ள ஹாஸ்பிட்டல் ஃபார் ஸ்பெஷல் சர்ஜரியில் உருவானது. அதை உருவாக்கியவர்களில் ஒருவர் இந்தியாவில் பிறந்த டாக்டர் சித்தரஞ்சன் ரணாவத். பிரதமராக இருந்த வாஜ்பாய்க்கு 2000 அக்டோபரில் ஒரு முட்டியும், 2001 ஜூனில் இன்னொன்றும் மும்பையில் மாற்றப்பட்டபோது ஆபரேஷன் செய்தவரும் அவரே. நாளிதழ்களில் தினமும் செய்தி வந்தது. 2017 ஆகஸ்டில் மத்திய அரசு செயற்கை முட்டிக்கு உச்சவரம்பு விலை வைத்தது. அதிகம் பயன்படும் கோபால்ட் குரோமியம் முட்டிக்கு 54,720 ரூபாய், டைட்டானியம் போன்ற சிறப்பு உலோகங்களுக்கு 76,600 ரூபாய், வரி தனி. ஆபரேஷன் நடுத்தரக் குடும்பத்துக்கு எட்டுகிற தூரத்தில் வந்துவிட்டது. ஆனால் அந்தப் பணத்தில் வருவது உலோகமும் மருத்துவரின் கையும் மட்டும்தான். அதை வைத்து நடக்கவேண்டிய தொடைத் தசையை நாம்தான் கொண்டுபோக வேண்டும்.

முட்டி வலிக்காரர்களின் தொடையை நன்றாகப் பார்த்தால் தெரியும். முன்தொடை வற்றிப்போய், புடவைக்குள் இருக்கும் கால் இரண்டும் ஒன்றுபோல் இருக்காது. நாலைந்து வருடமாக வலிக்குப் பயந்து அந்தக் காலை ஊன்றாமல், மாடிப்படி ஏறாமல், நாற்காலியிலிருந்து கையை ஊன்றியே எழுந்து பழகியதன் விளைவு அது. அந்த மெலிந்த தொடையோடுதான் ஆபரேஷன் மேஜைக்குப் போகிறார்கள். ஆபரேஷன் முடிந்ததும் அது இன்னும் மோசமாகிறது. முதல் மாத முடிவில் அளந்து பார்த்த ஆய்வுகளில், முன்தொடைத் தசையின் பலம் ஆபரேஷனுக்கு முன் இருந்ததைவிடப் பாதிக்கும் மேல் குறைந்திருந்தது.

ஏன் என்பதுதான் வேடிக்கை. அந்த இழப்பில் பெரிய பங்கு தசை கரைவதால் வருவதில்லை. நரம்பு மண்டலம் அந்தத் தசைக்கான சுவிட்சை அணைத்துவிடுகிறது. மூட்டுக்குள் வீக்கமோ காயமோ இருந்தால், அங்கிருந்து போகும் நரம்புச் செய்தி தண்டுவடத்தில் முன்தொடைத் தசைக்கான கட்டளையை அடக்கிவிடும். அடிபட்ட மூட்டை அசைக்காமல் காப்பாற்ற உடம்பு செய்யும் ஏற்பாடு. அதற்குப் பெரிய வீக்கம்கூட வேண்டாம். மூட்டுக்குள் 20, 30 மில்லி உப்புநீரை ஏற்றிப் பார்த்த பரிசோதனையிலேயே முட்டிச் சில்லை ஒட்டி உட்புறம் இருக்கும் தசை மந்தமானது. இரண்டு மேஜைக்கரண்டி அளவு நீர், அவ்வளவுதான். பெரியம்மா முதல் நாள் காலைத் தூக்கச் சொன்னபோது, "தூக்குறேன்மா, அது வரமாட்டேங்குது" என்றார். அவர் சொன்னது அப்படியே உண்மை. கட்டளை போய்ச் சேரவில்லை.

அதனால்தான் ஐஸ் ஒத்தடம், காலை உயர்த்தி வைப்பது எல்லாம். வீக்கம் குறையக் குறைய சுவிட்ச் திரும்பப் போடப்படுகிறது. ஐஸை நேரே தோலில் வைக்காமல் துணியில் சுற்றி, ஒரு தடவைக்கு 15, 20 நிமிடம் வைக்க வேண்டும். காலை உயர்த்தும்போது முழுக்காலும் நீட்டியபடி, குதிகால் உயரமாக இருக்க வேண்டும். என்னைப்போல் முட்டிக்கு அடியில் முட்டுக்கொடுக்கக் கூடாது.

சரி, இந்தப் பள்ளத்தில் விழப்போவது நிச்சயம் என்று தெரிந்தால், விழுவதற்கு முன் கொஞ்சம் உயரத்தில் நின்றுகொள்ளலாம் இல்லையா? ஆபரேஷனுக்கு முந்தைய பயிற்சி என்பதன் கணக்கு அதுதான். ஆபரேஷனுக்கு முன்னால் முன்தொடை எவ்வளவு பலமாக இருந்ததோ, அதைப் பொறுத்தே ஒரு வருடம் கழித்து அவர் படியேறுவதும் நடப்பதும் அமைகிறது என்று அளந்தே காட்டியிருக்கிறார்கள். ஆனால் இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். ஆபரேஷனுக்கு முன் நான்கு வாரம், ஆறு வாரம் பயிற்சி செய்தவர்களையும் செய்யாதவர்களையும் ஒப்பிட்ட ஆய்வுகளில் வித்தியாசம் பெரும்பாலும் முதல் சில வாரங்களில்தான் தெரிகிறது. மாதங்கள் போகப்போக இரண்டு தரப்பும் கிட்டத்தட்ட ஒரே இடத்துக்கு வந்துவிடுகின்றன. பயிற்சி செய்தால் அதிசயம் நடக்கும் என்று யாராவது விற்றால் நம்ப வேண்டாம்.

அப்படியும் நான் அதன் பக்கம்தான். காரணம் பலத்தைவிடப் பழக்கம். வலியும் மயக்கமும் மாத்திரையுமாகக் கிடக்கும் இரண்டாம் நாளில், "தொடையை இறுக்குங்க" என்று முதன்முறையாகக் கேட்கும் 68 வயது அம்மாவுக்கு எதை இறுக்குவது என்றே புரியாது. அதையே ஒரு மாதம் முன்னால் வலி குறைவாக இருக்கும்போது கற்றுக்கொண்டிருந்தால், உடம்புக்கு அந்த வழி தெரிந்திருக்கும். பயிற்சிகளும் பெரிய வித்தை இல்லை. காலை நீட்டி உட்கார்ந்து, முட்டிக்கு அடியில் மடித்த துண்டை வைத்து, அதை முட்டியால் நசுக்கிக்கொண்டு ஐந்து வரை எண்ணுவது. மல்லாந்து படுத்து, ஒரு காலை மடக்கி வைத்து, மற்றதை முட்டி மடங்காமல் ஒரு சாண் உயரம் தூக்கி நிறுத்துவது. எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்தது நாற்காலிப் பயிற்சி. கை வைக்காமல் எழுந்து, மெதுவாக உட்கார வேண்டும். முடியாவிட்டால் நாற்காலியில் ஒரு தலையணை போட்டு உயரம் கூட்டிக்கொள்ளலாம். தலையணைக்கு அப்படியும் ஒரு நல்ல உபயோகம் இருக்கிறது.

கைகளையும் மறந்துவிடக்கூடாது. முதல் சில வாரம் வாக்கரில் எடையின் ஒரு பங்கைத் தாங்கப்போவது அவைதான்.

இந்தப் பயிற்சியிலேயே சிலருக்கு ஆபரேஷன் தள்ளிப்போவதும் உண்டு. டென்மார்க்கில் 100 பேரை வைத்து நடந்த ஓர் ஆய்வு 2015இல் வெளியானது. பாதிப்பேருக்கு முட்டி மாற்று ஆபரேஷனும் 12 வாரப் பயிற்சித் திட்டமும், மீதிப்பேருக்கு ஆபரேஷன் இல்லாமல் அந்தத் திட்டம் மட்டும். ஒரு வருடத்துக்குப் பிறகு ஆபரேஷன் தரப்புக்குத்தான் வலி அதிகம் குறைந்திருந்தது, அதில் சந்தேகமில்லை. ஆனால் பயிற்சி மட்டும் செய்த 50 பேரில் 13 பேர்தான் அந்த வருடத்துக்குள் ஆபரேஷனுக்குப் போனார்கள். மற்றவர்கள் அப்போதைக்கு வேண்டாம் என்று இருந்துவிட்டார்கள். தீவிரமான பக்கவிளைவுகளும் ஆபரேஷன் தரப்பில்தான் அதிகம். தேய்மானம் முற்றிப்போய், ராத்திரி தூக்கமே இல்லாதவருக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. எக்ஸ்ரேயைப் பார்த்த மாத்திரத்தில் தேதி குறித்துவிட்டவர்களுக்குப் பொருந்தலாம்.

எடை விஷயமும் இங்கேதான் வரும். பெர்லினில் செயற்கை முட்டிக்குள்ளேயே அளவுகருவி வைத்து, உள்ளே விழும் பாரத்தை நேரடியாக அளந்தார்கள். சமதரையில் நடக்கும்போது உடல் எடையைப்போல் சுமார் இரண்டரை மடங்கு, படி இறங்கும்போது ஏறக்குறைய மூன்றரை மடங்கு. ஐந்து கிலோ குறைத்தால் ஒவ்வொரு படிக்கும் பதினேழு கிலோ போல மிச்சம். சர்க்கரை நோய் உள்ளவர்கள் ரத்தச் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரியைக் கட்டுக்குள் கொண்டுவந்தால்தான் மருத்துவர் தேதி கொடுப்பார். புண் ஆறுவதும், சீழ் பிடிக்காமல் இருப்பதும் அதைப் பொறுத்தது. சொத்தைப் பல் இருந்தால் அதையும் முன்கூட்டியே பார்த்துவிடச் சொல்வார்கள். வாயிலிருந்து கிருமி ரத்தத்தில் கலந்து புது மூட்டில் போய் உட்கார வாய்ப்புண்டு.

வீட்டைத் தயார் செய்வதில்தான் நாங்கள் கோட்டைவிட்டோம். வெஸ்டர்ன் டாய்லெட் இருந்தது, ஆனால் பிடித்து எழக் கைப்பிடி இல்லை. ஹாலுக்கும் பாத்ரூமுக்கும் நடுவில் நாலு அங்குல நிலைப்படி ஒன்று இருக்கிறது. முப்பது வருடமாக நாங்கள் யாரும் கவனிக்காத அந்தப் படி, வாக்கரோடு வந்து நின்றபோது மலைபோலத் தெரிந்தது. கால்மிதி, தரையில் கிடக்கும் ஒயர், ஈரத்தரை எல்லாவற்றையும் ஆபரேஷனுக்கு முந்தைய வாரமே ஒழித்துவிட வேண்டும். டாய்லெட் இருக்கை தாழ்வாக இருந்தால் மேலே வைக்கும் பிளாஸ்டிக் உயர்த்தி மருந்துக்கடைகளில் கிடைக்கிறது.

ஆபரேஷன் நாளில் நம் ஆட்களுக்கு முதல் அதிர்ச்சி, அன்று மாலையோ மறுநாள் காலையோ நோயாளியை எழுப்பி நிற்க வைப்பது. "இப்பத்தானே அறுத்தாங்க, அதுக்குள்ளயா?" என்று சண்டைக்குப் போகாத உறவினர் கிடையாது. படுத்துக்கிடப்பது இலவசம் இல்லை என்பதற்கு ஒரு கணக்கு சொல்கிறேன். நோய் எதுவும் இல்லாத முதியவர்களை 10 நாள் படுக்கையிலேயே வைத்துப் பார்த்தார்கள். கால்களில் மட்டும் ஏறக்குறைய ஒரு கிலோ தசை போயிருந்தது. ஆரோக்கியமானவர்களுக்கே அப்படி. அதோடு, அசையாத காலின் ரத்தக்குழாயில் ரத்தம் உறையும் அபாயம் வேறு. அந்தக் கட்டி நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து. மருத்துவர் ரத்தம் உறையாமல் இருக்க மருந்து கொடுப்பார், நம் பங்குக்குப் பாதத்தை மேலும் கீழும் அசைத்துக்கொண்டே இருக்க வேண்டும். டி.வி. பார்க்கும்போது ஒவ்வொரு விளம்பர இடைவேளையிலும் அசைக்கலாம். பெரியம்மாவுக்கு அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள். சீரியல்களில் விளம்பரத்துக்கா பஞ்சம்?

நலம் விசாரிக்க வருகிறவர்களும் ஒரு சோதனைதான். ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வாங்கிக்கொண்டு வந்து, "நல்லா ரெஸ்ட் எடுங்க, எழுந்திரிக்கவே எழுந்திரிக்காதீங்க" என்று ஆசீர்வாதம்போல் சொல்லிவிட்டுப் போவார்கள். இன்னொரு பக்கம் பத்தியம். முட்டை வேண்டாம், பருப்பு வாயு, மீன் சாப்பிட்டால் புண் சீழ் வைக்கும் என்று ஒரு பட்டியல். தசை வளரவும் புண் ஆறவும் புரதம் தேவைப்படும் அதே வாரங்களில் ரசஞ்சோறும் இடியாப்பமுமாக ஓட்டுகிறோம். சிறுநீரகக் கோளாறு போன்ற காரணத்தால் மருத்துவர் தடுத்திருந்தால் ஒழிய முட்டை, மீன், பருப்பு, சுண்டல் எதையும் நிறுத்த அவசியமில்லை.

இப்போது தலையணைக்குத் திரும்பி வருகிறேன். புது முட்டி முழுசாக நீள வேண்டும், போதுமான அளவு மடங்கவும் வேண்டும். எல்லோரும் கேட்பது மடங்குவதைப் பற்றித்தான், "எத்தனை டிகிரி வந்துச்சு?" என்று. ஆனால் நடையைக் கெடுப்பது நீளாத முட்டி. கொஞ்சம் மடங்கியே நிற்கும் காலில் முன்தொடை ஒரு நொடிகூட ஓய்வில்லாமல் வேலை செய்ய வேண்டும். சீக்கிரம் களைத்துவிடும், அப்புறம் இடுப்பும் முதுகும் வலிக்கும். மூட்டைச் சுற்றி வடுத்திசு உருவாகி இறுகிக்கொண்டே வரும் காலம் இது. முதல் ஆறு வாரத்தில் கிடைக்காத அசைவை ஆறாவது மாதத்தில் கெஞ்சினாலும் எளிதில் வாங்க முடியாது. படுக்கையில் குதிகாலை இழுத்து இழுத்து மடக்கி, இரண்டு வாரத்தில் 90 டிகிரி என்பது பொதுவாக வைக்கும் இலக்கு. மிகவும் இறுகிப்போனவர்களுக்கு மயக்க மருந்து கொடுத்து, மருத்துவரே காலை மடக்கி விடுவதும் உண்டு. பெரும்பாலும் மூன்று மாதத்துக்குள் அதைச் செய்துவிடப் பார்ப்பார்கள்.

காலை வைத்தால் தானாக மடக்கி நீட்டும் மெஷின் ஒன்று உண்டு. வாடகைக்கு எடுக்கலாமா என்று நாங்களும் யோசித்தோம். பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், முட்டி மாற்றியவர்களுக்கு அதனால் குறிப்பிடும்படியான பலன் இல்லை என்றே தெரிகிறது. மெஷின் காலை அசைக்கும்போது தொடை தூங்கிக்கொண்டிருக்கிறது. தானே அசைத்தால்தான் சுவிட்ச் விழும்.

வலி மாத்திரையைப் பற்றி ஒரு வார்த்தை. "ரொம்ப வலிச்சாத்தான் போடுவேன்" என்பது நம் வீட்டு வைராக்கியம். இந்த ஒரு விஷயத்தில் அது உதவாது. பயிற்சிக்கு அரை மணி, முக்கால் மணி முன்னால் எழுதிக்கொடுத்த மாத்திரையைப் போட்டுக்கொண்டால் கால் ஒத்துழைக்கும். பயிற்சியில் வலி வரும், கொஞ்ச நேரத்தில் தணியும். மறுநாள் முட்டி முன்னைவிட வீங்கியிருந்தால் முந்தைய நாள் அதிகமாகிவிட்டது என்று பொருள், ஒரு படி குறைக்க வேண்டும். எண்ணெய் போட்டு உருவிவிட யாராவது முன்வந்தால் அன்போடு மறுத்துவிடலாம். ஆறாத தையலுக்கும், கெண்டைக்காலில் இருக்கக்கூடிய ரத்தக்கட்டிக்கும் அது ஆகாது.

படியில் ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது ஆபரேஷன் கால் முதலில். கைத்தடி எதிர்ப்பக்கக் கையில், அதாவது வலது முட்டிக்கு இடது கை. எங்கள் தெருவில் தடி பிடிக்கும் பாதிப்பேர் இதை மாற்றித்தான் செய்கிறார்கள்.

பெரும்பாலான குடும்பங்கள் கைவிடுவது ஆறாவது வாரத்துக்குப் பிறகு. வாக்கர் போயாயிற்று, கோயிலுக்குப் போய்வந்தாயிற்று, பிசியோவை நிறுத்திவிடலாம் என்று தோன்றும் நேரம். ஆனால் தசை உண்மையில் வளரத் தொடங்குவதே அப்போதுதான். அதுவரை நடந்தது சுவிட்ச் போடும் வேலை. மூன்று, நான்கு மாதம்வரை நாற்காலியிலிருந்து எழுவது, ஒரு படியில் ஏறி இறங்குவது, கணுக்காலில் சிறு எடை கட்டித் தூக்குவது எனப் பாரத்தைக் கூட்டிக்கொண்டே போனால்தான் தொடை பழைய சுற்றளவுக்குத் திரும்பும். தினம் ஆள் வரவழைத்துச் செய்யப் பணம் வேண்டும் என்பது உண்மைதான். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளோடு வீட்டுக்கே வந்து செய்யும் இயன்முறை சிகிச்சையும் உண்டு. மாத்திரைக்காக அறிந்த அளவுக்கு அதற்காகப் பலர் அறியவில்லை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுப் பார்க்கலாம்.

பயப்படத் தேவையில்லாதவை சில உண்டு. தழும்புக்கு வெளிப்பக்கம் ஒரு துண்டு தோல் மரத்துப்போயிருக்கும், அங்கே ஓடும் சிறு நரம்பு வெட்டுப்படுவதால். நடக்கும்போது டக் டக் என்று சத்தம் கேட்கலாம். முட்டி பல மாதம்வரை தொட்டால் கதகதப்பாக இருக்கும். பயப்பட வேண்டியவை வேறு. காய்ச்சலோடு முட்டி சிவந்து தையலில் நீர் வடிந்தாலோ, கெண்டைக்கால் திடீரென வீங்கி வலித்தாலோ அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டும். மூச்சுத் திணறலோ நெஞ்சுவலியோ வந்தால் 108தான், காத்திருக்கவே கூடாது.

எல்லாம் முடிந்து கடைசியாக எல்லோரும் கேட்கும் கேள்வி: "கீழே உட்காரலாமா?" டிகிரிக் கணக்கில் பார்ப்போம். நடக்க 65 போதும். படியேற 85 போல, நாற்காலியிலிருந்து எழ நூறுக்குப் பக்கம். செயற்கை முட்டி பெரும்பாலும் 110, 120 வரை மடங்குகிறது. குத்துக்காலிட்டு உட்கார 130க்கு மேல் வேண்டும். சிலருக்கு அவ்வளவு வரும், ஆனால் அந்த மடக்கில் பிளாஸ்டிக்கின் பின்விளிம்பில் பாரம் குவிவதால் தினசரிப் பழக்கமாக வேண்டாம் என்றே பல மருத்துவர்கள் சொல்கிறார்கள். சம்மணம் போடுவதில் ஒரே கருத்து இல்லை, அவரவர் மருத்துவரைத்தான் கேட்க வேண்டும். பெரியம்மா கேட்டார். பந்தியில் உட்காரத்தான் கேட்கிறார் என்று நினைத்து மேஜைப் பந்தி இல்லாத கல்யாணமே இப்போது ஏது என்று மருத்துவர் சிரித்தாராம். அவர் கேட்டது அரிவாள்மனைக்காக. ஒன்றரை அடி உயரப் பலகை ஒன்றைச் செய்து, அரிவாள்மனையைச் சமையல் மேடைமேல் ஏற்றிப் பார்த்தோம், சரிவரவில்லை. இப்போது கத்தியில் நறுக்குகிறார், வெண்டைக்காய் ஒரே அளவாக வரவில்லை என்று தினமும் ஒரு தடவை சொல்லிக்கொண்டு.